மேகமூட்டமான ஊரில் பேனலை நிமிர்த்தி மாட்டலாமா?

கேள்வி: ஜெர்மனியில், டோர்ட்முண்டில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். தெற்குப் பார்த்த பால்கனி. கம்பியில் இரண்டு சோலார் பேனல் மாட்ட ஆசை. ஆனால் நேராக நிமிர்த்தித்தான் மாட்ட முடியும் போலிருக்கிறது. 'மேகமூட்டமான நாட்டுக்கு நிமிர்த்தி வைப்பதுதான் நல்லது' என்கிறார் விற்பவர். யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கூரையில் பேனல் போட்டிருக்கும் என் அண்ணா, 'நிமிர்த்தி வச்சா காசு வீண்' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அண்ணா தன் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார். விற்பவர் சொல்வதில் உங்கள் ஊரில் நிமிர்த்தி மாட்டலாம் என்பது சரி, காரணம்தான் தப்பு.

முதலில் மேகத்தைப் பார்ப்போம். வானம் முழுக்க மூடிக்கிடக்கும் நாளில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வருவதில்லை, எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. படுக்கையாக வைத்த பேனலுக்கு முழு வானமும் தெரியும். நிமிர்ந்து நிற்கும் பேனலுக்குப் பாதி வானம்தான். அதுவும் மங்கலான பாதி. ஏனென்றால் அடர்ந்த மேகமூட்டத்தில் உச்சி வானம் அடிவானத்தைப் போல மூன்று மடங்கு வெளிச்சமாக இருக்கும். தரையிலிருந்து கொஞ்சம் பிரதிபலித்து வரும், ஆனால் புல்தரை தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். ஆக, மேகத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் நிமிர்ந்த பேனல் தோற்கும்.

அப்படியானால் வடக்கு நாடுகளில் ஏன் நிமிர்த்தி வைக்கிறார்கள்? சூரியன் அங்கே தாழ்வாக நிற்பதால்தான். டிசம்பர் 21 நண்பகலில் டோர்ட்முண்டில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் இருக்கும். நீங்கள் வெளியே போய் நின்றால் நிழல் ஆறு மீட்டருக்கு நீளும். அதே நாள் யாழ்ப்பாணத்தில் உங்கள் அண்ணாவின் நிழல் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் அங்கே நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். அப்போது நிமிர்ந்த பேனலின் முகத்தில் நேர் வெயில் விழவே விழாது, விளிம்பை உரசிக்கொண்டு போகும். உங்கள் ஊரின் குளிர்கால வெயிலோ பேனலின் முகத்துக்கு நேராக வந்து விழும்.

இதனால் நடப்பது இதுதான். ஜூனில் உங்கள் பேனல், கூரையில் சாய்த்து வைத்ததில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் தரும். டிசம்பரில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆண்டு மொத்தத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் கிடைக்கும். டிசம்பரில் சமம் என்பதைக் கேட்டு ரொம்பவும் மகிழ வேண்டாம், அந்த மாதத்தில் இரண்டுமே கொஞ்சம்தான் தரும். கனத்த மேகமுள்ள நாளில் 430 வாட் பேனல் இரண்டும் சேர்ந்து 40, 50 வாட் கொடுத்தால் பெரிது. பிரிட்ஜுக்கும் ரூட்டருக்கும் போதும், சோறு ஆக்க முடியாது.

பனி வழுக்கி விழுந்துவிடும், தூசி தங்காது என்பதெல்லாமும் உண்மைதான். ஆனால் அது நார்வே போன்ற இடங்களில் பெரிய விஷயம். ஆஸ்லோவின் உல்லவோல் கால்பந்து மைதானக் கூரையில் 2024-இல் நிமிர்ந்த பேனல்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவை இருபுறமும் வெளிச்சம் வாங்கும் பேனல்கள், கீழே கிடக்கும் பனியிலிருந்து தெறிக்கும் வெளிச்சமும் சேரும். டோர்ட்முண்டில் அவ்வளவு பனி ஏது? பால்கனிக் கம்பியில் மாட்டினால் பின்முகம் உங்கள் வீட்டுச் சுவரைத்தான் பார்க்கும். அதனால் இருபுறப் பேனல் என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரே விலை என்றால் சரி, வாங்கலாம்.

விற்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று எதிர்வீடு. தாழ்ந்த வெயில் என்றால் நீண்ட நிழல். உங்கள் கம்பியைவிட எதிர்க்கட்டடம் பத்து மீட்டர் உயரம் என்றால், டிசம்பரில் அதன் நிழல் 37 மீட்டர் தூரம்வரை உங்கள் மாடியைத் தொடும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணைக் கம்பி மட்டத்துக்குக் கொண்டுவந்து தெற்கே பாருங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. கண் மட்டத்திலிருந்து ஒன்றரை முஷ்டிக்கு மேல் எதிர்க்கூரை எழும்பி நின்றால், நடுக்குளிர்காலத்தில் உங்கள் பேனலுக்கு நேர் வெயில் கிடையாது. அப்போது நிமிர்த்தி வைப்பதன் பெரிய லாபமே போய்விடும்.

எதிரே திறந்த வெளி என்றால் கணக்கு இப்படி வரும். 430 வாட் பேனல் இரண்டு, நிழல் இல்லை என்றால் ஆண்டுக்கு 550 முதல் 600 யூனிட். பகலில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் இதில் பாதிதான் உங்களுக்குப் பயன்படும், மீதி காசில்லாமல் கிரிட்டுக்குப் போகும். பயன்படுத்தும் 300 யூனிட்டை 35 சென்ட் வீதம் போட்டால் நூறு யூரோவைச் சற்றுத் தாண்டும். முழு செட்டும் 400 யூரோவுக்குக் கிடைத்தால் நாலு வருடத்தில் முதல் திரும்பிவிடும். துணி துவைக்கும் மெஷினை நடுப்பகலில் ஓடும்படி டைமர் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

அடிப்பக்கத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளும் தாங்கி கிடைக்கிறதா என்று கேளுங்கள். நிமிர்வு 90 பாகையிலிருந்து 70-க்கு இறங்கினாலே ஆண்டு உற்பத்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். ஆனால் காற்றின் இழுப்பும் கூடும். மூன்றாம் மாடியிலிருந்து இருபது கிலோ கண்ணாடி கீழே விழுவதை நினைத்துக்கொண்டு கொக்கியைத் தேர்ந்தெடுங்கள். பிளாஸ்டிக் கட்டுக்கம்பி கூடவே கூடாது.

சட்டப்படி இன்வெர்ட்டர், அதாவது பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி, 800 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மே 2024-க்குப் பிறகு, Marktstammdatenregister என்ற அரசின் மின்சந்தைப் பதிவேட்டில் இணையம் வழியாக ஒருமுறை பதிந்தால் போதும். அப்புறம் வீட்டுக்காரர். 2024 அக்டோபரிலிருந்து தக்க காரணமில்லாமல் அவர் மறுக்க முடியாது, ஆனால் அவரிடம் கேட்காமல் மாட்டவும் கூடாது. எழுத்தில் கேளுங்கள், கம்பியின் போட்டோ ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.