சூடு, விலை, ஆயுள்: திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: இந்த மின்கலத்தில் பிளாட்டினம் கிடையாது, நிக்கலும் பீங்கானும்தான். பிறகு ஏன் இவ்வளவு விலை? (முதுநிலை மாணவி, திருச்சி)

பதில்: நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் சூட்டுக்கான விலை. எரிபொருளை நெருப்பிட்டு எரிக்காமலே காற்றோடு சேர்த்து மின்சாரமாக்கும் கலம் இது. ஒரு பக்கம் எரிபொருள், மறுபக்கம் காற்று. நடுவில், ஆக்சிஜன் அயனியை, அதாவது மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜனை, மட்டும் விடும் மின்பகுளி. அது யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா என்ற பீங்கான். நல்ல சூடு இருந்தால்தான் அந்த அயனி அதன் வழியே நகரும். 1937-இல் சுவிட்சர்லாந்தில் பாவர், பிரைஸ் என்ற ஆய்வாளர்கள் இவ்வகைக் கலத்தை முதலில் ஓட்டியது 1000 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் கலங்களை இணைக்கும் தகட்டையும் பீங்கானிலேயே செய்ய வேண்டும். 700–750 டிகிரிக்கு இறக்கிவிட்டால் எஃகுத் தகடு போதும்.

இறக்குவதற்கு முதல் வழி மின்பகுளியை மெல்லியதாக்குவது. 800 டிகிரியில் அதன் கடத்துதிறன் செ.மீ.க்கு ஏறக்குறைய 0.02 சீமென்ஸ். 150 மைக்ரான் (0.15 மி.மீ.) தடிப்பு என்றால் ஒரு சதுர செ.மீ. பரப்புக்குத் தடை 0.75 ஓம்; 10 மைக்ரான் என்றால் 0.05 ஓம்தான். ஆனால் 10 மைக்ரான் ஏடு தானாக நிற்காது. ஆகவே 0.3 முதல் 0.5 மி.மீ. தடிப்புள்ள நிக்கல் ஆக்சைடு–சிர்கோனியாத் தகட்டின் (எரிபொருள்பக்க மின்முனை இதுதான்) மேல் அதை அச்சிட்டு, இரண்டையும் சேர்த்தே 1400 டிகிரியில் சுடுகிறார்கள். ஒரே சூளையேற்றத்தில் இரண்டு வேலை முடிவதால் செலவும் குறைகிறது. 500 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். பொடியைச் சேர்த்துப் பிடிக்கும் பசைப்பொருள் அவசரமாக எரிந்து வெளியேறினால் தகடு கொப்பளிக்கும். இரண்டு அடுக்கும் வெவ்வேறு அளவில் சுருங்கினால், எண்ணெயில் போட்ட அப்பளம்போல வளையும்.

சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. மணலால் விலை ஏறுவதில்லை. அதைத் தூய நுண்பொடியாக்குவதிலும் சூளையில் வீணாகும் தகடுகளிலும்தான் ஏறுகிறது.

கேள்வி: எங்கள் பட்டறையில் 304, 430 இரண்டு எவர்சில்வர் தகடும் இருக்கின்றன. இணைப்புத் தகடு செய்யலாமா? (பட்டறை உரிமையாளர், கோவை)

பதில்: 304 வேண்டவே வேண்டாம். 10 செ.மீ. சிர்கோனியா 800 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.84 மி.மீ. நீளும். 430 போன்ற ஃபெரிடிக் (காந்தம் ஒட்டும் வகை) எஃகு 0.96 மி.மீ. அளவுக்கு நீளும். 304 நீள்வதோ 1.4 மி.மீ.க்கும் மேல். ஆறும்போது முதலில் விரிசல் விடுவது பீங்கான்தான்.

430-ஐச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம், வெறும் தகடாக அல்ல. அதில் இரண்டு குறை உண்டு. ஒன்று, சிலிக்கான். 430-இல் அது 1% வரை இருக்கக்கூடும். எஃகுக்கும் மேலே வளரும் ஆக்சைடுக்கும் நடுவில் மின்கடத்தாத சிலிக்கா ஏடாகப் படியும். நயோபியம் சேர்த்த 441 இங்கே மேல். நயோபியம் சிலிக்கானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கென்றே உருவான குரோஃபர் 22 போன்ற எஃகுகள் இன்னும் நல்லவை, விலையும் அதிகம்.

இரண்டாவது குறை குரோமியம். கலத்தின் ஆயுளைத் தின்பதில் இதற்கு நிகரில்லை என்பது எங்கள் முடிவு. எஃகைக் காக்கும் அதே குரோமியம் ஆக்சைடு, சூடான காற்றில் சிறிது சிறிதாக ஆவியாகிறது. காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் வேகமாக ஆவியாகும். அந்த ஆவி காற்றுப்பக்க மின்முனைக்குப் போய், அதிலிருக்கும் ஸ்ட்ரான்சியத்துடன் சேர்ந்து ஸ்ட்ரான்சியம் குரோமேட்டாகப் படிகிறது. ஆக்சிஜன் வினை நடக்கும் இடம் அடைபட, மின்னழுத்தம் நாளுக்கு நாள் இறங்குகிறது.

தீர்வு மாங்கனீசும் கோபால்ட்டும் சேர்ந்த ஸ்பினல் என்ற ஆக்சைடுப் பூச்சு. தகட்டை மணல்வீச்சால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் கழுவுங்கள். ஸ்பினல் பொடியைப் பசையோடு குழைத்து, சுட்டபின் 10–20 மைக்ரான் நிற்கும்படி அச்சிடவோ தெளிக்கவோ செய்யலாம். முதல் சுடல் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில், 850 டிகிரிக்குமேல். அதில் ஸ்பினல் கோபால்ட் உலோகமாகவும் மாங்கனீஸ் ஆக்சைடாகவும் பிரியும். இரண்டாவது சுடல் காற்றில், 800 டிகிரியில். மீண்டும் ஸ்பினலாகும்போது கன அளவு பெருகி, துளைகள் மூடிக்கொள்ளும். நேரடியாகக் காற்றில் சுட்டால் பூச்சு சல்லடையாகவே நிற்கும். பலர் தவறுவது இங்கேதான். காற்று படும் குழாய்களுக்கும் பூச்சு தேவை. வெறும் எஃகுக் குழாய் ஒன்று போதும், குரோமியம் வந்துசேர.

கேள்வி: மின்சாரம் போய் வந்த பிறகு எங்கள் சோதனைக் கலம் ஒவ்வொரு முறையும் வீணாகிறது. ஏன்? (ஆராய்ச்சி மாணவர், சென்னை)

பதில்: ஹைட்ரஜன் நின்றதும் எரிபொருள்பக்கம் காற்று நுழைகிறது. ஓடும்போது ஹைட்ரஜனால் உலோகமாகியிருந்த நிக்கல் மறுபடி ஆக்சைடாகும்போது கன அளவு ஏறக்குறைய 70% பெருகும். மேலே இருக்கும் 10 மைக்ரான் மின்பகுளி கிழிகிறது. திறந்த சுற்று மின்னழுத்தத்தை (கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்காதபோது உள்ளதை) பாருங்கள்: 750 டிகிரியில், 3% ஈரமுள்ள ஹைட்ரஜனில் 1.1 வோல்ட் அருகே இருக்க வேண்டும். மின்சாரம் வந்தபின் 1.0-க்குக் கீழே நின்றால் விரிசல் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

5% ஹைட்ரஜன், 95% நைட்ரஜன் கலந்த சிலிண்டர் ஒன்றை, மின்சாரம் போனால் தானே திறந்துகொள்ளும் சொலினாய்டு வால்வு வழியாக இணையுங்கள். சிறு கலத்துக்கு நிமிடத்துக்கு 100 மி.லி. போதும். உலை 300 டிகிரிக்கு இறங்க 5 மணி நேரமானாலும் செலவாவது 30 லிட்டர்தான். வெளியேறும் குழாயை நீர்க்குடுவையில் விட்டிருந்தால், நடுவில் ஒரு காலிக் குடுவையும் வையுங்கள். ஆறும் வாயு சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

கேள்வி: சமையல் எரிவாயுவில் ஓட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: ஓட்டலாம், இரண்டு வேலை முடித்த பிறகு. கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் மெர்காப்டனில் கந்தகம் உண்டு. நிக்கலுக்கு அது நஞ்சு. உறிஞ்சிப் படுகையில் வடித்து, 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) அளவுக்காவது இறக்குங்கள். அடுத்தது நீராவி. கரி படியாமலிருக்க ஒரு கார்பன் அணுவுக்கு 3 நீர் மூலக்கூறு என்று வைத்தால், எரிவாயுவிலுள்ள 1 கிலோ புரொப்பேனுக்கு ஏறக்குறைய 3.7 கிலோ தண்ணீர் வேண்டும். உப்புத்தண்ணீர் ஆகாது, அயனி நீக்கிய நீர்தான்.

கேள்வி: "ஆயிரம் மணிக்கு 1% தேய்மானம்" என்பது நல்ல எண்ணா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: சிறிதாகத் தெரியும், நல்ல எண் அல்ல. 40,000 மணி நேரம், அதாவது நாலரை ஆண்டு ஓடினால் மின்னழுத்தத்தில் 40% போய்விடும். 0.2% என்றால் இழப்பு 8%, 0.80 வோல்ட்டில் தொடங்கிய கலம் 0.74 அருகே நிற்கும். ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் 2007-இல் 700 டிகிரியில் தொடங்கிய சிறு கல அடுக்கு ஒன்று பத்தாண்டுக்கும் மேல் ஓடியது. ஆனால் அது பெரும்பாலும் அணைக்காமல், ஒரே சீராக ஓடியது. விற்பவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எந்த மின்னோட்டத்தில் அளந்தார்கள், எந்தச் சூட்டில், நடுவில் எத்தனை முறை ஆறவைத்துச் சூடேற்றினார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அந்த விழுக்காட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.