நூலகத் தளத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி?
தலைப்பை அப்படியே தேடல் பெட்டியில் போட்டால் ஆயிரக்கணக்கில் முடிவுகள் வருகின்றன, எதுவும் பொருந்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த முழு வாக்கியம்தான் சிக்கல். 'சமூக ஊடகம் பதின்பருவத்தினரின் தூக்கத்தை எப்படிப் பாதிக்கிறது' என்பதை சமூக ஊடகம், பதின்பருவம், தூக்கம் என்று உடையுங்கள். நடுவே 'அண்ட்' (AND) போட்டால் மூன்றும் உள்ளவை மட்டும் வரும். தூக்கம், உறக்கம் போன்ற இணைச்சொற்களை 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குறிக்குள் சேருங்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுவது நல்லது. பல தளங்கள் அப்படித் தந்தால்தான் புரிந்துகொள்ளும்.

நான் அதிகம் நம்புவது பொருள் தலைப்புகளைத்தான். பொருத்தமான ஒரே ஒரு கட்டுரை கிடைத்தாலும் போதும், அதன் பதிவைத் திறந்து பாருங்கள். அது எந்தப் பொருளைப் பற்றியது என்று வகைப்படுத்திய சொற்கள் அங்கே இருக்கும். அவற்றைச் சொடுக்கினால், உங்களுக்குத் தோன்றவே தோன்றாத சொற்களில் எழுதப்பட்ட கட்டுரைகளும் வந்து சேரும். அப்புறம் அந்தக் கட்டுரையின் துணைநூல் பட்டியலையும் மேயுங்கள்.

சரி, முழுக் கட்டுரை திறக்கவில்லையா? அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். முதலில் நூலகக் கணக்கில் உள்நுழைந்து, நூலகத் தளம் வழியாகவே போய்ப் பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும்படி நூலகரிடம் கேளுங்கள்.