வீட்டுக்கு விருந்தாளிகள் வரும்போது அழகான ஜெல்லி இனிப்பு செய்வது எப்படி?

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். சித்திரை வெயிலில் விருந்து வைத்துப் பழகியவள் என்பதால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெலட்டினை விட்டுவிட்டுக் கடல்பாசி வாங்குங்கள். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் கிடைக்கும். 10 கிராம் பாக்கெட், வெள்ளை இழைகளாக இருக்கும்.

தங்கச்சியின் மறுவீட்டு விருந்துக்கு நான் ஜெலட்டினில்தான் செய்தேன். சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்போடு சாப்பாடு, நின்று நிதானமாக நடக்கும் பந்தி. ஃப்ரிட்ஜிலிருந்து தட்டுகளை எடுத்துவைத்துக் காத்திருந்த நேரத்திலேயே ஓரம் இளகிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வைத்தபோது சிவப்புத் தண்ணீரில் மாதுளை முத்துகள் மிதந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஜெலட்டின் என்பது மாடு, பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சைவ வீட்டார் இலையில் அதை வைத்தோமே என்ற வருத்தம் இன்னும் உண்டு.

ஜெலட்டின் நம் உடல் சூட்டுக்கும் குறைவிலேயே உருகிவிடும். கடல்பாசி 40 டிகிரிக்குப் பக்கத்தில் உறையும், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். எந்த வெயிலும் அதை அசைக்காது. 1881இல் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சி செய்த வால்தர் ஹெஸ்ஸேயும், கிருமி வளர்க்க ஊற்றிய ஜெலட்டின் இளகுவதால் இதே தவிப்பில்தான் இருந்தார். தன் ஜெல்லிகளில் போடும் அகர்-அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னது அவர் மனைவி ஃபேனி. அகர்-அகர் என்றால் நம் கடல்பாசிதான். ஆய்வுக்கூடங்களில் இன்றும் அதில்தான் கிருமி வளர்க்கிறார்கள்.

எனக்குச் சரியாகக் கற்றுக்கொடுத்தது மேலப்பாளையத்துத் தோழியின் உம்மா. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவர்கள் வீட்டில் கடல்பாசி இல்லாமல் இருக்காது. "பாசி கரைஞ்சிட்டான்னு சட்டியப் பாக்காதம்மா, கரண்டியத் தூக்கிப் பாரு" என்பார்கள். கரண்டியின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழிய வேண்டும். ஓர் இழை ஒட்டியிருந்தாலும் இன்னும் இரண்டு நிமிஷம் கொதிக்க வேண்டும். ஜெல்லியின் அழகு முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அரைகுறையாகக் கரைந்த பாசி உறைந்ததும் திட்டுத்திட்டாகத் தெரியும்.

அளவு: 10 கிராம் பாசிக்கு மொத்தம் 1 லிட்டர். துண்டு போடுவதென்றால் அது சரி. கிண்ணத்தில் கரண்டி போட்டுச் சாப்பிட 7 கிராம் போதும், வாயில் வைத்ததும் உடையும். கெட்டியாக இருந்தால் நல்லது என்று கூடப் போடாதீர்கள், ரப்பர் ஆகிவிடும்.

விருந்துக்கு நான் செய்வது இளநீரும் நுங்கும். கால் லிட்டர் தண்ணீரில் பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அப்படியே அடுப்பில் வைத்துக் கரைத்து, நாலைந்து கரண்டி சீனி சேர்த்து வடிகட்டுங்கள். முக்கால் லிட்டர் இளநீரைக் கொதிக்க விடக் கூடாது, மணம் போய்விடும். விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து பாசியில் ஊற்றிக் கலக்குங்கள். ஃப்ரிட்ஜ் இளநீரை அப்படியே ஊற்றினால் பாசி நூல் நூலாகத் திரிந்துவிடும். மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். கிண்ணங்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அரை விரல் உயரம் ஊற்றுங்கள். மேல்தோல் லேசாகக் கட்டியதும், தோல் உரித்த இளம் நுங்கை வைத்து, மிச்சத்தை ஊற்றுங்கள். அதுவரை மிச்சக் கலவை சிறு தீயில் சூடாகவே இருக்கட்டும். கீழ் அடுக்கு முழுக்க ஆறி இறுகிய பிறகு ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, கவிழ்க்கும்போது வழுக்கிக்கொண்டு போகும்.

கவிழ்த்த பிறகு பாருங்கள். தெளிந்த இளநீருக்குள் தெளிந்த நுங்கு. சாய்த்துப் பிடித்தால்தான் உள்ளே ஒன்று இருப்பதே தெரியும். நிறப்பொடி எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு பன்னீர் ரோஜா இதழ் வைப்பேன், அவ்வளவுதான். நுங்கு காலத்தில் பதநீரும் வரும், இளநீருக்குப் பதில் அதை ஊற்றலாம், சீனியே வேண்டாம்.

மற்ற மாதங்களில் உடன்குடிக் கருப்பட்டி. கால் கிலோவைத் தட்டித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள், அடியில் மண் இருக்கும். அதையும் கெட்டித் தேங்காய்ப்பாலையும், ஒரு சிட்டிகை உப்பையும், கரைந்த பாசியோடு சேர்த்து ஒரு கொதி விட்டு, சூடாகவே தட்டில் ஊற்றி அசைக்காமல் வையுங்கள். பாலின் கொழுப்பு மெல்ல மேலே ஏறி வெளிர் அடுக்காகவும், கீழே கருப்பட்டி தேன் நிறத்திலும் தானாகப் பிரிந்து உறையும். ஊற்றியது ஒரு முறை, கிடைப்பது இரண்டு அடுக்கு. பசும்பால் சேர்த்துக் கொதிக்கவிடாதீர்கள், கருப்பட்டிக்குத் திரிந்துவிடும்.

எதை எப்போது வைப்பது என்றும் பாருங்கள். சொதி விருந்தென்றால் ஏற்கெனவே வயிறு நிறையத் தேங்காய்ப்பால், அன்றைக்கு இளநீர்தான். சாம்பார், ரசம் என்று போன சாப்பாடானால் கருப்பட்டி. பழம் சேர்க்கிற ஆசை இருந்தால் அன்னாசி கூடப் போடலாம். ஜெலட்டினை உறையவிடாது அது, பாசியை ஒன்றும் செய்யாது. எலுமிச்சைச் சாறு மட்டும் அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு கொதித்தால் பாசி பலம் இழந்துவிடும்.

காலையில் செய்து மதியம் பரிமாறுவது உத்தமம். முந்தின இரவே செய்தால் மூடி வையுங்கள், கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும், வடித்துவிட்டுக் கவிழ்க்கலாம். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். தங்கச்சி வளைகாப்பில் இளநீர் நுங்கைத்தான் வைத்தேன். அதே பெரியப்பா தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கது நுங்கா தாயி?" என்று கேட்டார்.