ஹாட் ராடுக்கு எந்த பெட்ரோல் அழுத்த கேஜ்? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) ஒரு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். ஃப்ளாட்ஹெட் வி8 என்ஜின், மேலே இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்கள். பெட்ரோல் அழுத்தம் பார்க்க கேஜ் வைக்க வேண்டும். 0–15, 0–30, 0–100 என்று விற்கிறார்கள். 0–100 வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

பதில்: ஆகாது. 0–15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) கேஜையே வாங்குங்கள். ஸ்ட்ராம்பெர்க் 97க்குத் தேவை 2 முதல் 3 பிஎஸ்ஐ மட்டும். இந்த வகை சிறிய கேஜ்களில் முழு அளவில் 2, 3 சதவீதம் பிழை இருப்பது சாதாரணம். 0–100 கேஜில் 3 சதவீதம் என்றால் 3 பிஎஸ்ஐ. நீங்கள் அளக்கப்போகும் அழுத்தமே அவ்வளவுதான்! 0–15 கேஜில் அந்தப் பிழை அரை பிஎஸ்ஐக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கார்புரேட்டரில் அரை பிஎஸ்ஐ கூடப் பெரிய விஷயம். கார்புரேட்டரின் பெட்ரோல் தொட்டியில் உள்ள ஃப்ளோட் மிதந்து எழும்பித்தான், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வை மூடுகிறது. மூடுவதற்கு வேறு விசை கிடையாது. பம்ப் அதைவிட பலமாகத் தள்ளினால் நீடில் விலகி, பெட்ரோல் நிரம்பி வழியும். சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குள் இறங்குவது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவி, கீழே சம்பில் உள்ள ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். வெளியே வழிவது சூடான என்ஜின் மேல் விழும். பெரும்பாலும் 5–7 பிஎஸ்ஐ தரும் எலெக்ட்ரிக் பம்பை, அழுத்தத்தைக் குறைத்து நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் இணைத்தவர்களுக்குத்தான் இது நேர்கிறது. 1–4 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் போட்டு 2.5இல் நிறுத்துங்கள். 4.5–9 வகையும் பார்வைக்கு அப்படியே இருக்கும். எவ்வளவு திருகினாலும் அது 3க்கு இறங்காது. பெட்டியில் போட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

பழைய பாடியில் ஸ்மால் பிளாக் செவர்லே என்ஜின் வைத்து ஹாலி நான்கு பேரல் கார்புரேட்டர் போட்டிருந்தால் 5–7 பிஎஸ்ஐ. எடல்பிராக் கார்புரேட்டர் என்றால் 6.5ஐத் தாண்டக் கூடாது. இவற்றுக்கும் 0–15 கேஜ்தான். கார்புரேட்டர் போல் தோற்றமளிக்கும் புதுவகை இன்ஜெக்‌ஷன் யூனிட்டுகள் பல 58 பிஎஸ்ஐ அளவில் வேலை செய்பவை. 0–100 கேஜ் அவற்றுக்கானது.

கேள்வி: கேஜை டேஷ்போர்டில் வைக்க ஆசை. அந்தக் காலத்து கார்களில் டேஷில் அழுத்த கேஜ் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டரிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் இழுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மெக்கானிக்கல் கேஜுக்குள் பெட்ரோல் அப்படியே வந்து நிற்கும். செம்பு அதிர்வில் இறுகி, நாளடைவில் விரிசல் விடும். அப்போது அழுத்தத்தோடு பெட்ரோல் பீய்ச்சுவது உங்கள் மடியில். 1940, 50களின் பந்தயக் கார்களில் நீங்கள் பார்த்த கேஜ்களில் பல, கைப் பம்பால் டேங்க்கில் ஏற்றிய காற்றின் அழுத்தத்தைக் காட்டியவை. அந்தக் குழாயில் வந்தது காற்று.

டேஷில்தான் வேண்டும் என்றால் இரண்டு வழிகள். ஒன்று, எலெக்ட்ரிக் கேஜ்: அழுத்தத்தை உணர்ந்து அனுப்பும் ‘சென்டர்’ (sender) என்ஜின் பக்கம் இருக்கும், உள்ளே வருவது வயர் மட்டும். ஆனால் 1955 வரை ஃபோர்டு கார்கள் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது). இன்றைய கேஜ்கள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் கேட்பவை. பழைய வயரிங்கை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது.

இரண்டாவது, ஐசோலேட்டர். என்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலின் என்ஜின் பக்கத்தில் பொருத்தும் சிறு டப்பா இது; நடுவில் ஒரு சவ்வு. ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஆன்டிஃப்ரீஸ் கலவை. கேஜ் வரை போவது அந்தக் கலவைதான். கேஜ் பக்கத்துக் குழாயில் காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. இருந்தால் சவ்வு தன் எல்லை வரை நகர்ந்தும் குமிழிதான் சுருங்கும். முள் குறைவாகவே காட்டும். பொருத்தும் உயரத்தையும் கவனியுங்கள். கேஜ் ஐசோலேட்டரைவிட 30 செ.மீ. மேலே இருந்தால் திரவத்தின் எடையே சுமார் 0.4 பிஎஸ்ஐயைத் தின்றுவிடும். 2.5 பிஎஸ்ஐ அளக்கும் இடத்தில் அது சின்ன கணக்கல்ல. இரண்டையும் ஒரே மட்டத்தில் வையுங்கள்.

எங்கள் சிபாரிசு இதைவிட எளியது: பானெட்டுக்குள், ரெகுலேட்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே, ஒன்றரை இன்ச் கேஜ். ரெகுலேட்டருக்கு முன்னால் வைத்தால் பம்பின் அழுத்தம்தான் தெரியும். ரெகுலேட்டரை ஒருமுறை செட் செய்தபின் ஓட்டும்போதெல்லாம் இந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கேள்வி: பொருத்தும் முறையைச் சொல்லுங்கள். டெஃப்லான் டேப் சுற்றியும் கசிகிறது.

பதில்: டேப்பைக் கழற்றி எறியுங்கள். அதன் துணுக்கு ஒன்று பிய்ந்து நீடில் வால்வில் உட்கார்ந்தால் கார்புரேட்டர் வழியத் தொடங்கும். கேஜின் மரை பொதுவாக 1/8 இன்ச் என்.பி.டி., அதாவது கூம்பு மரை. பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட்டை, நுனியில் இரண்டு மரைகளை விட்டுவிட்டு, அடுத்தவற்றில் மெல்லியதாகத் தடவுங்கள். கையால் முறுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒன்றரை, இரண்டு சுற்று. ஸ்பேனர் பிடிக்க வேண்டியது கேஜின் அடியில் உள்ள சதுரப் பித்தளைப் பகுதியை. வட்டத் தலையைப் பிடித்துத் திருகினால் உள்ளே வளைந்திருக்கும் குழாய் திருகிக்கொள்ளும், அதன்பின் அந்தக் கேஜ் சொல்வது எதையும் நம்ப முடியாது. ரெகுலேட்டரின் உடல் வார்ப்பு உலோகம்; கூம்பு மரையை மிகையாக முறுக்கினால் பிளந்துவிடும். ஏ.என். ஃபிட்டிங்குகள் எனும் ஹோஸ் இணைப்பான்களின் 37 டிகிரி சரிவு முகம் தானாகவே அடைக்கும், அங்கே சீலன்ட் தடவக் கூடாது.

நீண்ட நிப்பிளின் (இணைப்புக் குழாய்த் துண்டின்) நுனியில் கேஜைத் தொங்க விடாதீர்கள். அதிர்வில் நிப்பிளின் வேரில் முறியும். பிராக்கெட்டில் கேஜைப் பொருத்தி, சிறு ஹோஸால் இணைப்பது பாதுகாப்பு. பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் உப்பி உதிரும், எஸ்.ஏ.இ. ஜே30ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸ் கார்புரேட்டருக்குப் போதும்.

வேலை முடிந்ததும் என்ஜினைக் கிளப்பாமல் எலெக்ட்ரிக் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். என்ஜின் சூடானதும் மறுபடி ஒற்றிப் பாருங்கள்.

கேள்வி: கிளிசரின் நிரப்பிய கேஜ். காலையில் 6 பிஎஸ்ஐ காட்டுகிறது. அரை மணி ஓட்டினால் 4க்கு இறங்குகிறது. வண்டி நன்றாகவே ஓடுகிறது. பம்பை மாற்ற வேண்டுமா?

பதில்: பம்பைத் தொடாதீர்கள். சூட்டில் கிளிசரின் விரிந்து, மூடிய கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அது உள்ளிருக்கும் குழாயை வெளியிலிருந்து நெருக்குவதால் முள் குறைத்துக் காட்டுகிறது. கேஜின் மேலே ரப்பர் அடைப்பு இருக்கும். சூட்டில் அதைச் சற்றே நெம்பினால் முள் தன் இடத்துக்கு ஏறுவதைப் பார்க்கலாம். அடைப்பில் நீட்டிய காம்பு இருந்தால் நுனியை வெட்டி, அடைப்பு மேல்நோக்கி இருக்குமாறு வையுங்கள். இதை அறியாமல் சூட்டில் ரெகுலேட்டரை ஏற்றி வைத்தால் உண்மையில் 8 பிஎஸ்ஐ ஆகி, கார்புரேட்டர் வழியும்.

கேள்வி: மெக்கானிக்கல் பம்ப். முள் ஆடிக்கொண்டே இருக்கிறது.

பதில்: பம்பின் சவ்வு அடித்து அடித்துத் தள்ளுவதால் வரும் துடிப்பு அது, கோளாறு அல்ல. கேஜின் வாயில் சிறு துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போட்டால் அடங்கும்.

கேள்வி: ஐடிலில் 3 பிஎஸ்ஐ. மேட்டில் அழுத்தினால் 1க்கு விழுந்து என்ஜின் திணறுகிறது.

பதில்: அழுத்தம் இருக்கிறது, அளவு போதவில்லை. முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டுங்கள். சரியானால் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. இல்லையென்றால் ஃபில்டர், பிறகு பம்பின் உறிஞ்சும் பக்கத்து ஹோஸ். உள்ளே சுருங்கி ஒட்டிய ஹோஸ் வெளியே புதிதாகவே தெரியும். கடைசியில், கார்புரேட்டர் குழாயைக் கழற்றி, இக்னிஷன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, டப்பாவில் பிடியுங்கள். 30 விநாடியில் ஏறக்குறைய அரை லிட்டர் வர வேண்டும். வராவிட்டால் பம்பைக் கழற்றலாம்.