எலிக்கு வருவது ஆஸ்துமாதானா? ஆய்வுக்கூடத்திலிருந்து கேள்வி பதில்

மூச்சுக்குழாய் அழற்சி ஆராய்ச்சி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டவர்கள் தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: மேடம், எலிகளுக்கு ஆஸ்துமா வருமா?

தானாக வராது, வரவழைக்கிறோம். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவால்புமின் என்ற புரதத்தை அலுமினிய உப்போடு கலந்து எலியின் வயிற்றுக்குள் ஊசி போடுவார்கள். சில நாள் கழித்து இன்னொரு ஊசி. அப்புறம் அதே புரதத்தை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்க வைத்தால் நுரையீரலில் ஈசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் குவியும், சளி பெருகும், மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கும். பார்க்க ஆஸ்துமா மாதிரியே இருக்கும். ஆனால் வயிற்றில் முட்டைப் புரதத்தை ஊசி போட்டா மனிதருக்கு ஆஸ்துமா வருகிறது? அதனால் இப்போது பல இடங்களில் வீட்டுத்தூசியில் வாழும் நுண்பூச்சியின் சாற்றை மூக்கில் சொட்டுவிடுகிறார்கள். அது நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கம்.

கேள்வி: எலியில் ஜெயித்து மனிதரிடம் தோற்ற மருந்து உண்டா, அக்கா?

உண்டு, அப்புறம் மறுபடி ஜெயித்தும் இருக்கிறது. ஈசினோஃபில்களை வளர்த்துவிடுவது இன்டர்லூக்கின்-5 என்ற, செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதம். அதைத் தடுத்தால் எலிகளில் அழற்சி அடங்கியது. அதே வேலையைச் செய்யும் மெப்போலிசுமாப் மருந்தை லேசான ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2000-இல் வெளியானது. ரத்தத்தில் ஈசினோஃபில் குறைந்தது, ஆனால் மூச்சுக்குழாய் சுருங்குவதில் மாற்றமே இல்லை. 'ஈசினோஃபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சம்பந்தமில்லை' என்றுகூடப் பலர் பேசினார்கள்.

2009-இல் இரண்டு குழுக்கள், ஒன்று இங்கிலாந்தின் லெஸ்டரில், இன்னொன்று கனடாவின் ஹாமில்டனில், வேறு மாதிரி யோசித்தன. ஸ்டீராய்டு எடுத்தும் ஈசினோஃபில் அடங்காதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். நோய் திடீரென முற்றுவது நன்றாகக் குறைந்தது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. மருந்து மாறவில்லை, ஆளைத் தேர்ந்தெடுத்த விதமும் எதை அளந்தார்கள் என்பதும்தான் மாறின.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்: சளியில் ஈசினோஃபில் உள்ளவர்களுக்கே ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கிறது என்று மாரோ பிரவுன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1958-லேயே எழுதிவிட்டார். நுண்ணோக்கியில் சளியைப் பார்த்தே சொன்னார். ஆஸ்துமா என்ற பெயரில் பல நோய்கள் இருக்கின்றன என்பதை எலி சொல்லாது. எல்லா எலியும் ஒரே இனம், ஒரே வயசு, ஒரே கூண்டு.

கேள்வி: மனித செல்லையே வளர்க்க முடியாதா?

முடியும். துளையுள்ள சவ்வின் மேல் மூச்சுக்குழாய்ச் செல்களை வைத்து, அடியில் ஊட்டநீர், மேலே வெறும் காற்று என்று விட்டால், சில வாரங்களில் நுண்மயிர்கள் அசைய ஆரம்பிக்கும். இன்டர்லூக்கின்-13 சேர்த்தால் சளிச் செல்கள் பெருகும். தசையும் நரம்பும் இல்லை, அதனால் 'இளைப்பு' மட்டும் அதில் வராது.

கேள்வி: தூசியில் வளர்ந்தால் ஆஸ்துமா வராது என்கிறார் தாத்தா. சரியா?

எந்தத் தூசி என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். மரபணு நெருக்கம் உண்டு, வாழ்க்கை முறையும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் பிள்ளைகள் வீட்டை ஒட்டிய மாட்டுத்தொழுவத்திலேயே வளர்கிறார்கள், ஹட்டரைட்டுகளுடையது இயந்திரப் பண்ணை. 2016-இல் வந்த ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷில் சுமார் 5%, ஹட்டரைட்டில் சுமார் 21%. இரு வீட்டுத் தூசியையும் எலி மூக்கில் விட்டுப் பார்த்தபோது ஆமிஷ் தூசிதான் காப்பாற்றியது. தாத்தா மாடு வளர்த்தவர் என்றால் பாதி சரி. ரோட்டுத் தூசியும் டீசல் புகையும் இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் அதிகம், இரவில் இருமல், வீசிங். இது அந்த வகை ஆஸ்துமாவா, மேடம்?

ரிப்போர்ட்டை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நம் ஊரில் குடற்புழுவே அந்த எண்ணிக்கையை ஏற்றிவிடும். யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் ஈசினோஃபிலியாவும் ஆஸ்துமா போலவே இரவில் இருமவைக்கும், அதில் எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்கு 3000-ஐத் தாண்டும். அதற்கு இன்ஹேலர் இல்லை, டைஎத்தில்கார்பமசின் மாத்திரைதான் மருந்து. அதனால் எண்ணிக்கை எவ்வளவு, யானைக்கால் நோய் இருக்கும் பகுதியில் வாழ்ந்திருக்கிறீர்களா, இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.