மேடை ஏறிய சொற்கள்: கேள்வி பதில்

அகராதிப் பணியில் இருப்பவன் நான். அன்றாடச் சொற்களின் பொருளை அரசியல் எப்படி நகர்த்தியது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தக் கட்சி நல்ல தமிழ் பேசுகிறது என்று மட்டும் கேட்க வேண்டாம்.

விருதுநகர் வாசகர்: கழகம் என்றால் சூதாடும் இடம் என்று திருக்குறளிலேயே இருக்கிறதாமே?

இருக்கிறது. சூது அதிகாரத்தில் 'கவறும் கழகமும் கைச்செருக்கும்' என்று வருகிறது (935). ஆனால் கம்பர் நாட்டுப் படலத்தில் 'கலைதெரி கழகம்' என்கிறார். அங்கே அது கல்வி பயிலும் இடம். ஆள் கூடும் இடம் எதுவாக இருந்தாலும் அது கழகம்தான். 1920இல் சைவ நூல்களைப் பதிப்பிக்கக் கழகம் எழுந்தது. 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம், 1949இல் தி.மு.க. இன்று அடைமொழி இல்லாமல் 'கழகம்' என்றால் கட்சிதான். போக்குவரத்துக் கழகப் பேருந்தில் ஏறும்போது மட்டும் யாருக்கும் கட்சி நினைவு வருவதில்லை.

ஒரு வேண்டுகோள்: வேரைக் காட்டி இன்றைய பொருள்மீது வழக்குத் தொடுக்காதீர்கள். எழுதியவரும் படிப்பவரும் இன்று எதைப் புரிந்துகொள்கிறார்களோ அதுவே பொருள்.

தஞ்சை வாசகர்: ஒன்றிய அரசு சரியா, மத்திய அரசு சரியா?

இரண்டும் ஒரே அரசைத்தான் குறிக்கின்றன. அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 'ஒன்றிய அரசு' என்பவர் அந்த வாசகத்தை நினைவூட்டுகிறார். 'மத்திய அரசு' என்பவர் பழகிய வழக்கைத் தொடர்கிறார். 2021இல் இது சட்டமன்றம்வரை போனது. அதற்கு முன் நம் ஊர்களில் ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம்தான். அகராதியில் இரண்டு பொருளுக்கும் இடம் உண்டு.

யாழ்ப்பாண வாசகர்: எங்களுக்கு மறியல் என்றால் சிறை. தமிழகச் செய்தியில் 'ஆயிரம் பேர் மறியல்' என்று படித்துக் குழம்பினேன்.

நல்ல கேள்வி. 'மறி' என்றால் தடு. ஆளைத் தடுத்து வைத்தால் உங்கள் மறியல். விளக்கமறியல், மறியற்சாலை எல்லாம் அந்த வழியில் வந்தவை. வழியைத் தடுத்தால் எங்கள் மறியல். 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் முன்னின்றார்கள். அந்தக் காலப் போராட்டங்கள் தமிழகத்தில் இந்தச் சொல்லைக் குடிமக்கள் கையில் கொடுத்துவிட்டன. பின்னர் சாலை மறியல், ரயில் மறியல் என்று அது பெருகியது. உங்கள் பக்கத்தில் தடுக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமும் காவலரிடமும் நின்றுவிட்டது. இன்று இலங்கைச் செய்தித்தாள்களிலும் வீதி மறியல் என்று வருவதைப் பார்க்கிறேன். இரு பொருளும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன.

கரூர் வாசகர்: 'மாவட்டம் வந்துவிட்டார்' என்கிறார்களே?

மாவட்டச் செயலாளர். பதவி ஆளை விழுங்கிவிட்டது.

நெல்லை வாசகர்: தீக்குளித்தல் என்ற சொல் எப்போது மாறியது?

சீதை தீக்குளித்தாள் என்றால் கற்பை நிரூபித்து உயிரோடு வெளியே வந்தாள் என்று பொருள். 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தின் முன் கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தன்னை எரித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மேலும் சிலர். அதன்பின் இச்சொல்லில் மீண்டு வருதல் என்பது இல்லை. 'குளித்தல்' மட்டும் அப்படியே இருந்து, நடந்த கொடூரத்துக்கு ஒரு சடங்கின் புனிதத்தைத் தருகிறது. செய்தியாளர்கள் 'தீ வைத்துக்கொண்டார்' என்று எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்தவருக்கு அது வழிகாட்டியாகிவிடக் கூடாது.

சேலம் வாசகர்: பட்டுவாடா?

தபால், சம்பளம் ஆகியவற்றோடு வாழ்ந்த சொல். தேர்தல் அதைக் களவுக்கு எடுத்துக்கொண்டது. 'கவனித்தல்' என்ற சொல்லுக்கும் இதே கதி.

சென்னை வாசகர்: ஒன்றிய அரசா, மத்திய அரசா?

மேலே இருக்கிறது.

கோவை வாசகர்: 'இலவசம்' என்ற நேர்மையான சொல்லை விட்டுவிட்டு 'விலையில்லா' என்று ஏன் பூசி மெழுகினார்கள்?

வரிசையாகப் பாருங்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றார்கள். அங்கே ஒரு விலை இருந்தது. அரிசி வாங்குபவர் காசு கொடுத்து வாங்கினார். 2006இல் 'இலவச' வண்ணத் தொலைக்காட்சி. 2011இல் அரிசி முதல் மடிக்கணினிவரை எல்லாம் 'விலையில்லா'. 2021இல் பேருந்தில் பெண்களுக்குக் 'கட்டணமில்லா' பயணம். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய், பெயர் 'உரிமைத் தொகை'. விலையில்லா என்பது விவசாயிக்கு வேறு பொருள் தரும். தக்காளிக்கு விலையில்லை என்றால் அவர் குடும்பம் அழுகிறது.

திண்டுக்கல் வாசகர்: கோவை அய்யாவுக்கு என் மறுப்பு. 'இலவசம் வாங்குகிறவர்கள்' என்று எங்களை நோக்கி எறியப்படும் சொல் அது. வரிசையில் நிற்பவருக்குத்தான் அதன் வலி தெரியும். பெயரை மாற்றியது நல்லதே.

கோவை வாசகர்: பெயர் மாறினால் பணம் வானத்திலிருந்து வருமா? வரிதானே?

திண்டுக்கல் வாசகர் சொல்லும் வலி உண்மை. அந்த ஏளனத்தை நான் எங்கும் ஏற்கமாட்டேன். ஆனால் வரி கட்டாதவர் யாரும் இல்லை, கோவை அய்யா. சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் கட்டுகிறார்.

நான் இருவரையும் பார்க்கச் சொல்வது வினைச்சொல்லை. 'முதல்வர் நலத்திட்ட உதவிகளை வழங்கினார்.' எந்த ஆட்சியிலும் இந்த வாக்கியம் மாறவில்லை. வழங்குபவர் வள்ளல். பெறுபவர் முன்பு குடும்ப அட்டைதாரர், இப்போது 'பயனாளி'. அட்டைதாரர் எடை குறைந்தால் கடைக்காரரிடம் சண்டை போடலாம். பயனாளி மேடையேறி, கும்பிட்டு, புகைப்படத்துக்கு நிற்க வேண்டும். 'இலவச' போய் 'விலையில்லா' வந்தபோதும் அந்தக் கும்பிடு அப்படியே இருந்தது.

திண்டுக்கல் வாசகர்: 'உரிமைத் தொகை' அதை மாற்றவில்லையா?

பெயரில் மாற்றியது, அதை வரவேற்கிறேன். ஆனால் அதே விண்ணப்பத்தில் 'தகுதி' என்ற சொல்லும் இருந்தது: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், இன்னும் சில நிபந்தனைகள். வரம்பு வைப்பது அரசின் நிதிநிலையைப் பொறுத்தது. அதில் நான் தலையிடவில்லை. மறுக்கப்பட்ட பெண்ணிடம் 'உங்களுக்குத் தகுதியில்லை' என்று சொல்லும்போது என்ன ஆகிறது? உரிமை இல்லாதவர் என்பதோடு தகுதி கெட்டவர் என்றும் அவர் காதில் விழுகிறது. 'வரம்புக்குள் வரவில்லை' என்று எழுதினால் போதும். அரசுக்கு ஒரு காசு செலவில்லை.

மதுரை வாசகர்: ஒன்றியம் என்ற சொல்லின் வேர்ப்படி...

வேரை விடுங்கள். தஞ்சை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பூர் வாசகர்: நடிகர்களின் பட்டப்பெயர்கள் அரசியலுக்கு வந்தது பற்றி?

என் துறை இல்லை. திரைப்பட வரலாறு படித்தவரைக் கேளுங்கள்.

கோவை வாசகர்: கடைசியாக ஒன்று. 'வழங்கினார்' வேண்டாமென்றால் செய்தியை எப்படி எழுதுவது?

'இன்று முதல் அரிசி கிடைக்கும்' என்று எழுதலாம். எங்கே, எத்தனை கிலோ, குறைந்தால் யாரிடம் புகார் செய்வது என்பதையும் சேர்த்து.