'கேப்ஷஸ்' என்று யாரைச் சொல்லலாம்?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ஒரு விமர்சகரைக் 'கேப்ஷஸ்' (captious) என்று குறிப்பிட்டிருந்தார்கள். இது 'கிரிட்டிக்கல்' என்பதற்கு மாற்றுச் சொல்லா? என் மேலாளரைப் பற்றி நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. 'கிரிட்டிக்கல்' என்பது நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பவரையும் குறிக்கும் என்பதால் சில இடங்களில் பாராட்டாகவும் அமையும். 'கேப்ஷஸ்' ஒருபோதும் பாராட்டாகாது. ஒரு வேலை பெரும்பாலும் செம்மையாக இருந்தும் அதைக் கண்டுகொள்ளாமல், பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு பிழையைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கும் இயல்பையே அது சுட்டுகிறது. எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்பவர் என்று நாம் பேச்சில் சொல்வது ஏறக்குறைய இவரைத்தான்.

அறிக்கையில் உள்ள கணக்குப் பிழையை எவ்வளவு கடுமையாகச் சுட்டினாலும் ஒரு தணிக்கையாளர் 'கேப்ஷஸ்' ஆகிவிடமாட்டார். தரவுகளையும் முடிவுகளையும் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், அரைப்புள்ளி ஒன்று இடம் மாறியதற்காக அறிக்கை முழுவதையும் குறைத்துப் பேசுபவருக்கே அந்தச் சொல் பொருந்தும். கடுமை அல்ல, அற்பக் குறையைப் பிடித்துத் தொங்குவதே இங்கு அளவுகோல்.

'பற்றுதல்' என்று பொருள்படும் 'காப்பெரே' என்ற லத்தீன் வினையே இதன் வேர். 'கேப்சர்', 'கேப்டிவ்' ஆகியவையும் அதிலிருந்து வந்தவையே. அதனால்தான் பதில் சொல்பவரைச் சிக்க வைப்பதற்காகவே கேட்கப்படும் கேள்வியையும் 'கேப்ஷஸ்' என்பார்கள். மற்றவரின் ஒழுக்கத்தைக் குறைகூறுபவருக்கு 'சென்சோரியஸ்' என்ற வேறு சொல் இருக்கிறது. பண்டைய ரோமில் குடிக்கணக்கோடு பொது ஒழுக்கத்தையும் கண்காணித்த 'சென்சர்' என்னும் அதிகாரியின் பதவிப்பெயரோடு அது தொடர்புடையது.

எழுதும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மூன்றாம் எழுத்தான 'பி'க்குப் பதில் 'யு' விழுந்தால், 'முன்யோசனை உள்ளவர்' என்று பொருள்படும் 'காஷஸ்' (cautious) ஆகிவிடும். அதுவும் சரியான சொல்லே என்பதால் கணினியின் பிழைதிருத்தி பெரும்பாலும் அதைக் காட்டித் தராது. பேச்சிலும் இச்சொல் அரிது. அங்கே 'நிட்பிக்கி' என்பதே இயல்பாக ஒலிக்கும்.

உங்கள் கடிதத்தில் இச்சொல்லைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அது ஒருவரின் செயலைச் சொல்வதோடு நிற்காமல் அவருடைய குணத்தின்மீதே தீர்ப்புக் கூறுகிறது. நிர்வாகம் கேட்பதோ நடந்தது என்ன என்பதை. எந்த வேலையில், எந்தக் குறையைச் சொல்லி, எத்தனை முறை திருப்பி அனுப்பினார் என்று எழுதுங்கள். சொல்லைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், அடைமொழியை மேலாளரின் பெயருக்கு முன்னால் வைக்காமல், அவர் எழுதிய குறிப்பிட்ட கருத்துரைக்கு முன்னால் வையுங்கள்.